சாக்கடல் சுருள்களில் இயேசு பெயர் இருக்கிறதா? கம்பெனி பஸ்ஸில் கிளம்பிய கேள்வி

போன வாரம் ராத்திரி 11.40க்கு அண்ணனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறியதும் எதையாவது அனுப்புவது வழக்கம்தான். ஆனால் இது மீம் இல்லை. பழுப்பேறிய தோல் துண்டு ஒன்றின் போட்டோ. கீழே, '2000 வருட யூதச் சுருள் சொல்லும் ரகசியம்! இயேசு வளர்ந்தது இந்தியாவில்! தோமா வந்தது கட்டுக்கதை! மறைத்தது யார்?'

அடுத்த நிமிடமே வாய்ஸ் நோட். "பாப்பா, பஸ் குரூப்ல இதை வச்சு பெரிய சண்டை. கோட்டயத்துல இருந்து வந்த சேட்டா ஒருத்தர், எங்க குடும்பம் கி.பி. 52லயே தோமா கையால ஞானஸ்நானம் வாங்கினதுன்னு சொல்றாரு. இன்னொருத்தன், இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டின கதைங்கறான். நீதான மீடியா படிச்ச, எது நிஜம்னு சொல்லு."

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த பஸ் பூந்தமல்லி தாண்டி வந்துகொண்டிருந்தது மவுண்ட்-பூந்தமல்லி சாலையில். அந்த 'மவுண்ட்' எது? பரங்கிமலை. இயேசுவின் 12 சீடர்களில் ஒருவரான தோமா கொல்லப்பட்ட இடம் என்று நம்பப்படும் மலை. நம் அண்ணா சாலைக்குப் பழைய பெயரான மவுண்ட் ரோடும் அந்த மலையால் வந்ததுதான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தச் சுருள்களில் என்னதான் இருக்கிறது?

1947 வாக்கில் சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரான் என்ற இடத்துக்குப் பக்கத்துக் குகை ஒன்றில், பெதூயின் இடையர்கள் மண் ஜாடிகளைக் கண்டெடுத்தார்கள். உள்ளே துணியில் சுற்றிய தோல் சுருள்கள். அடுத்த 10 வருடங்களில் மொத்தம் 11 குகைகளில் இருந்து 900க்கும் அதிகமான கைப்பிரதிகள் கிடைத்தன. முழுசாகக் கிடைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் துண்டு துண்டாக, ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் எபிரேயம், கொஞ்சம் அரமேயம், கொஞ்சம் கிரேக்கம். ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இருந்து கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை.

அவை வெளியே வந்த கதையே ஒரு வெப் சீரிஸ். முதல் குகையின் சுருள்களில் சில பெத்லகேமில் செருப்புத் தைக்கும் தொழிலோடு பழம்பொருள் வியாபாரமும் செய்த ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து எருசலேமின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் சாமுவேலிடம் போயின. கோட்டயம் சேட்டா கவனிக்க: கேரள யாக்கோபாயர்கள் சேர்ந்திருக்கும் அதே அந்தியோகியா திருச்சபைதான் அது. மார் சாமுவேல் சுருள்களை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். 1954 ஜூன் 1 அன்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில் 'நான்கு சாக்கடல் சுருள்கள் விற்பனைக்கு' என்று விளம்பரமே வந்தது. 2,50,000 டாலருக்கு வாங்கியது, ஆள் வைத்து, இஸ்ரேல்.

இப்போது தலைப்புக் கேள்வி. இயேசு பெயர் இருக்கிறதா? இல்லை. தோமா, பேதுரு, பவுல் யார் பெயரும் இல்லை. இந்தியாவும் வரவில்லை. சுருள்களில் பெரும்பகுதி இயேசு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதை 1990களில் நடந்த கார்பன் சோதனைகள் உறுதிப்படுத்தின. 2025ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஏஐ உதவியோடு செய்த ஆய்வு, சில சுருள்கள் நாம் நினைத்ததை விடவும் பழையவை என்கிறது.

'அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை?' நியாயமான கேள்வி.

பெயர் இல்லை, வாசனை இருக்கிறது

இந்தச் சுருள்களில் சிலவற்றை எழுதிய குழு தன்னை உலகத்திலிருந்து பிரித்துக்கொண்ட ஒரு யூதக் கூட்டம். எஸ்ஸீனர் என்ற பிரிவினர் என்பது பரவலான கருத்து. எருசலேம் கோயில் நிர்வாகம் கெட்டுப்போய்விட்டது என்று கோபம் கொண்டவர்கள். கடைசிக் காலம் நெருங்கிவிட்டது என்று நம்பினார்கள். சொத்தைப் பொதுவில் வைத்தார்கள். நீரில் மூழ்கி சுத்திகரித்துக்கொண்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கு 'நீதியின் போதகர்' என்று ஒரு தலைவர். அவரைத் துன்புறுத்திய ஒரு 'பொல்லாத ஆசாரியர்'. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? சண்டே ஸ்கூல் போனவர்களுக்குக் கண்டிப்பாக இருக்கும்.

இன்னும் கிட்டே வருகிறது பாருங்கள். ஒரு துண்டில் 'கடவுளின் மகன்', 'உன்னதமானவரின் மகன்' என்ற இரண்டு பட்டங்களும் அடுத்தடுத்து வருகின்றன, லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வருவது போலவே. இன்னொன்று, மெசியாவின் காலத்தில் இறந்தவர் எழுவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி கிடைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இதுவும் இயேசு வாயிலாக நற்செய்தி நூல்களில் வருகிறது.

1950லேயே ஆந்த்ரே துய்போன்-சோமெர் என்ற பிரெஞ்சு அறிஞர், நீதியின் போதகரை இயேசுவின் முன்வடிவம் போலக் காட்டினார். 1956ல் சுருள்களைப் படிக்கும் குழுவிலேயே இருந்த ஜான் அலெக்ரோ பிபிசி வானொலியில் ஒரு படி மேலே போனார். கூட வேலை பார்த்தவர்களே 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி, நாங்கள் அந்தச் சுருள்களில் அப்படி எதையும் பார்க்கவில்லை என்று மறுத்தார்கள். ஆனால் நான்காம் குகையின் துண்டுகளை ஒரு சின்னக் குழு வருடக்கணக்கில் பூட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்ததால், 'வாட்டிகன் மறைக்கிறது' என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. 1991ல் அமெரிக்காவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடம் இருந்த போட்டோக்களை எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. இன்றைக்கு எல்லாம் இணையத்தில் கிடக்கிறது, போனிலேயே ஜூம் பண்ணிப் பார்க்கலாம்.

வெடிக்காவிட்டாலும் ஒன்று அமைதியாக மாறிப்போனது. மெசியா, கடைசிக் காலம், பொது உணவு, நீர்ச் சடங்கு, 'கடவுளின் மகன்' என்ற பட்டம் ஆகியவற்றில் சிலவாவது கிரேக்கச் செல்வாக்கில் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டவை என்று அதற்கு முன்பு வாதிட முடிந்தது. அவை இயேசுவுக்கு முன்பே யூத வீட்டுக்குள் புழங்கிய சொற்கள் என்று சுருள்கள் காட்டின. அன்றைய யூத மதம் ஒரே வார்ப்பு இல்லை, ஒன்றோடொன்று சண்டை போட்ட பல குழுக்கள். அதில் ஒன்று கும்ரான் கூட்டம். இன்னொன்று பிற்பாடு கிறிஸ்தவம் ஆனது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடித்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்பதற்கு நிறைய இருக்கிறது.

கொச்சியில் கிடைத்த சிவப்புச் சுருள்

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று நுழைகிறது. சாக்கடல் குகைகளுக்கு 140 வருடங்களுக்கு முன்பே, ஒரு யூதச் சுருளைத் தேடித் தென்னிந்தியாவுக்கு ஒருவர் வந்தார். கிளாடியஸ் புக்கானன், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார். மெசியாவைப் பற்றிய இடங்களை யூதர்கள் திருத்திவிட்டார்கள் என்று கிறிஸ்தவர்கள் சிலர் வெகுகாலமாகக் குற்றம்சாட்டி வந்தார்கள். அப்படியென்றால் ஐரோப்பாவோடு தொடர்பில்லாத யூதர்களிடம் பழைய, திருத்தப்படாத பிரதி இருக்க வேண்டுமே?

1806ல் கொச்சிப் பகுதி மலபார் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்றின் பழைய பெட்டியிலிருந்து அவருக்கு ஒரு தோரா சுருள் கிடைத்தது. சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல்களைத் தைத்துச் சேர்த்தது, சுமார் 48 அடி நீளம். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குக் கையில் எடுத்ததுமே தோலின் தரம் தெரிந்திருக்கும். இன்று அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. (அது அங்கே இருக்க வேண்டுமா என்பது தனி எபிசோட்.) எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் அச்சான எபிரேயப் பிரதியோடு வித்தியாசம் மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். சதி எதுவும் சிக்கவில்லை.

ஆனால் கொச்சிச் சுருள் அவ்வளவு பழையது இல்லை. அந்தக் கேள்விக்குச் சரியான வயதுள்ள சாட்சியாக வந்தது சாக்கடலின் ஏசாயா சுருள்தான். 7 மீட்டருக்கும் மேல் நீளம், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அதுவரை கையில் இருந்த எபிரேயப் பிரதிகளை விட ஏறக்குறைய 1000 வருடம் மூத்தது. பாடபேதங்கள் நிறையவே உண்டு, ஆனால் அடிப்படையில் அதே நூல். மறுபக்கம், எரேமியா நூலின் நீளமான வடிவம், குறுகிய வடிவம் இரண்டுமே கும்ரான் குகைகளில் கிடைத்தன. அதாவது, 'ஒரிஜினல்' என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்ற நினைப்பும் ஆட்டம் கண்டது. ஊர் ஊராக ஏடு தேடி, பிரதிக்குப் பிரதி பாடபேதம் குறித்து வைத்த உ.வே.சா.வுக்கு இது ஆச்சரியமாகவே இருந்திருக்காது.

அப்போ தோமா வந்தாரா, இல்லையா?

பரங்கிமலைக்கு வருவோம். தோமா இந்தியா வந்தார் என்று விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. சிரியாக் மொழியில், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் எதெஸ்ஸா நகரத்தில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே 150 வருடத்துக்கு மேல் இடைவெளி.

கதை ரொம்ப சுவாரஸ்யம். சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. 'நான் போக மாட்டேன்' என்கிறார். இயேசுவே வந்து அவரை ஒரு வியாபாரியிடம் தச்சு வேலைக்காரனாக விற்றுவிடுகிறார். வழியில் ஒரு கல்யாண வீட்டில் அவர் எபிரேயத்தில் பேசுவது புரிந்த ஒரே ஆள், குழல் வாசிக்க வந்த ஒரு யூதப் பெண். அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்து, கொந்தபோரஸ் ராஜாவிடம் மாட்டிக்கொள்கிறார்.

இப்படி ஒரு ராஜாவே கிடையாது, புனைவு என்று வெகுகாலம் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன! முதல் நூற்றாண்டில் ஆண்ட இந்தோ-பார்த்திய மன்னர். ஆனால் ஆண்ட இடம் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம். மயிலாப்பூர் அந்த நூலில் இல்லை. 2006ல் அன்றைய போப் 16ஆம் பெனடிக்ட், தோமா முதலில் மேற்கு இந்தியாவுக்கு வந்தார் என்ற தொனியில் பேசியதும் கேரளத்தில் கிளம்பிய எதிர்ப்பு இதனால்தான்.

தெற்குக்குச் சாட்சி கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பயணி மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதுகிறார். கி.பி. 849 கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு இன்னும் அழுத்தமானது: வட்டெழுத்தில் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகள், சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும். கிறிஸ்தவர் கோயிலுக்கு முஸ்லிம், பார்சி, யூத வியாபாரிகள் சாட்சி போட்ட பத்திரம். நம்ம பஸ் குரூப்பை விட நல்ல குரூப் என்று தோன்றுகிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, தோமா கல்லறை ஒன்று சோழமண்டலக் கரையில் இருப்பதையும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வருவதையும் பதிவு செய்தார். ஆகவே 'போர்ச்சுகீசியர் வந்து கட்டின கதை' என்பது தவறு. அவர்கள் 1523ல் மயிலாப்பூர் கல்லறையைத் தோண்டினார்கள், மேலே தேவாலயம் கட்டினார்கள், கதைக்கு ஏகப்பட்ட அலங்காரம் சேர்த்தார்கள். ஆனால் கதை அவர்களுக்கு முன்பே இங்கே இருந்தது.

முதல் நூற்றாண்டில் தோமா என்ற மனிதர் கப்பல் ஏறி இங்கே வந்திருக்க முடியுமா? முடியும். முசிறிக்கு ரோமானியக் கப்பல்கள் வந்துபோன காலம் அது. வந்தார் என்பதற்கு அந்தக் காலத்திலேயே எழுதிய ஒரு வரி இருக்கிறதா? இல்லை. இருக்கவும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. சாக்கடல் ஓரம் மழையே அரிது, தோல் 2000 வருடம் தாங்கியது. நம் ஊர் ஈரத்துக்கும் செல்லுக்கும் பனையோலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிசு. அதற்குள் புது ஏட்டில் பிரதி எடுத்தாக வேண்டும். அவ்வளவு பழசு இங்கே கிடைத்தால் அது கல்லாக, செம்பாக, கீழடி மாதிரி பானை ஓடாகத்தான் இருக்கும்.

இல்லாத ஏட்டுக்கு இருந்த விலை

யாராவது 'முதல் நூற்றாண்டு ஓலைச்சுவடி' என்று வந்தால் இதனால்தான் உஷாராக வேண்டும். அப்படி ஒருவர் வந்தார்.

1970களில், தோமாவும் திருவள்ளுவரும் மயிலாப்பூரில் சந்தித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்காதா என்ற ஆவல் சில கிறிஸ்தவ வட்டாரங்களில் இருந்தது. அன்றைய சென்னை-மயிலை பேராயர் ஆர்.அருளப்பாவுக்கும் அந்த ஆவல். ஆதாரம் தேடித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ஏடு, செப்பேடு என்று போட்டோக்கள் வந்தன. பணம் போய்க்கொண்டே இருந்தது, 13 லட்சம் ரூபாய்க்கும் மேல். மூல ஏடு வரவே இல்லை. விஷயம் போலீசுக்குப் போய், 1986ல் அந்த நபருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய 13 லட்சம் என்பது இன்றைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிரிக்க வேண்டாம். வாஷிங்டனில் இருக்கும் பைபிள் அருங்காட்சியகம் 'சாக்கடல் சுருள்' என்று 16 துண்டுகள் வாங்கி வைத்திருந்தது. 2020 மார்ச்சில், 16ம் போலி என்று அவர்களே அறிவித்தார்கள். தோல் பழையதுதான், ஆனால் எழுதுவதற்காகப் பதப்படுத்திய மெல்லிய தோல் இல்லை, பழைய செருப்புத் தோலாக இருக்கலாம் என்றது ஆய்வு. மேலே பசை தடவி, இந்தக் காலத்தில் எழுதியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தோலின் விரிசலுக்குள் மை இறங்கியிருக்கிறது. அதாவது தோல் முதலில் விரிந்தது, எழுத்து அப்புறம் வந்தது.

'இயேசு வளர்ந்தது இந்தியாவில்' என்ற ஃபார்வர்டின் மூலமும் இதே ரகம். 1894ல் நிக்கோலாஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஒரு கைப்பிரதியைப் பார்த்ததாகப் புத்தகம் போட்டார். அடுத்த வருடமே ஆக்ராவில் இருந்து ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர் நேரில் போய்க் கேட்டார். அப்படி ஒரு பிரதியே இங்கே இல்லை என்றார் தலைமை லாமா. 130 வருடம் கழித்தும் ஓடுகிறது. சாக்கடல் படத்தை ஒட்டியது மட்டும் புதுசு.

இதை எல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அண்ணன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "எங்க லைன்ல டேக் இல்லாம ஒரு பார்ட் வந்தா, அளவு எல்லாம் கரெக்டா இருந்தாலும் நான் பாஸ் பண்ண மாட்டேன். எந்த லாட், எந்த மெஷின், யார் கைன்னு தெரியணும்." தொல்லியல்காரர்கள் கேட்பதும் அதையேதான். எந்தக் குகை, எந்த அடுக்கு, யார் எடுத்தது, யார் யார் கை மாறியது? 2002க்குப் பிறகு சந்தைக்கு வந்த சாக்கடல் துண்டுகள் பலவற்றுக்கு அந்த டேக் இல்லை. விலை மட்டும் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு தரப்பும் ஏட்டைத் தேடுவது ஒரே காரணத்துக்காக. தோமா வந்தார் என்று நிரூபித்தால் 'நாங்கள் வந்தேறிகள் இல்லை' என்று சொல்லலாம்; வரவில்லை என்று நிரூபித்தால் 'நீங்கள் வந்தேறிகள்தான்' என்று சொல்லலாம். அந்த பஸ்ஸில் இருந்த கிறிஸ்தவர்களில் எத்தனை பேர் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பமோ! அவர்கள் ஊரில் அவர்களுக்குப் பாத்தியதை இருக்கிறதா என்பதற்கும் முதல் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் பயணிகள் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் கடைசியாகக் கேட்டது: "அப்போ மலை மேல நிஜமாவே பழசுன்னு எதுவுமே இல்லையா?"

இருக்கிறது. 1547ல் பரங்கிமலையில் தேவாலய வேலை நடந்தபோது போர்ச்சுகீசியர்கள் கண்டெடுத்த ஒரு கல் சிலுவை. இன்றும் பலிபீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வரி எழுத்து ஓடுகிறது. தமிழ் இல்லை, எபிரேயம் இல்லை, போர்ச்சுகீசும் இல்லை. பஹ்லவி, பழைய பாரசீகம். ஆய்வாளர்கள் அதைப் போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்கிறார்கள். அந்த ஒரு வரியை ஆளுக்கு ஒரு மாதிரி படித்திருக்கிறார்கள், சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் கல் இங்கேதான் கிடைத்தது, யார் தோண்டியபோது என்று தெரியும், கை மாறவே இல்லை.

"டேக் இருக்குதுன்னு சொல்லு" என்றான். இந்த ஞாயிறு வீக்-ஆஃப். கோட்டயம் சேட்டாவையும் கூட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறானாம்.